ஊருக்குத் திரும்பிய மருத்துவர்
எட்வர்ட் ஜென்னர் (1749 – 1823) வாழ்வும் பணியும்



மருத்துவம் என்றவுடன் இன்று நம் மனக்கண் முன் நிற்பது பெருநகரத்துப் பல மாடி மருத்துவமனைதான். பெரிய கண்டுபிடிப்புகள் யாவும் பெரிய நகரங்களில், பெரிய கூடங்களில் மட்டுமே நிகழும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் கோடானு கோடி மக்களை அகால மரணத்திலிருந்தும் குருட்டிலிருந்தும் காப்பாற்றக் காரணமாயிருந்த ஒரு கண்டுபிடிப்பு, ஒரு சிற்றூர்க் குடும்ப மருத்துவரின் கையில் பிறந்தது. குதிரை மீதேறிப் பண்ணை பண்ணையாகச் சென்று, பிரசவம் முதல் எலும்பு முறிவு வரை எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்த அந்த எளிய மனிதரின் பெயர் எட்வர்ட் ஜென்னர்.

அவர் நம் சமுதாயத்தைச் சார்ந்தவர் அல்லர். இங்கிலாந்து நாட்டின் கிறித்தவப் பாதிரியார் ஒருவரின் மகன். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று முகத்தில் வடுவின்றிப் பிறந்து வளர்வதில் அவருக்கும் பங்குண்டு. நன்மை செய்தவர் எவராயினும் அவரை நன்றியுடன் நினைவுகூர்வது நற்பண்பு அன்றோ! அவரது வாழ்வு இன்றைய நமக்குச் சொல்லும் செய்தியும் ஒன்று உண்டு. அதனை முடிவில் காண்போம்.

அந்நாளைய பெரியம்மை

இன்றைய இளைஞர்கள் பெரியம்மையைக் கண்டதில்லை. வைசூரி என்று நம் முன்னோர் அஞ்சிய நோய் அதுவே. கடுங்காய்ச்சலுடன் தொடங்கி, முகம், கை, கால் என உடலெங்கும் சீழ்க் கொப்புளங்கள் நிறையும். கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மாண்டனர். பிழைத்தவர்களின் முகம் குழி குழியாகிவிடும். பலர் கண்பார்வையையும் இழந்தனர். 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுதோறும் நான்கு லட்சம் பேர் வரை இந்நோயால் மடிந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். அரண்மனையும் குடிசையும் அதற்கு ஒன்றே.

இந்நோயைப் பற்றிய மருத்துவ அறிவில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிது. பெரியம்மையையும் தட்டம்மையையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்துக் காட்டி, இரண்டின் அறிகுறிகளையும் விரிவாக எழுதியவர் ரய் நகரில் பிறந்து பக்தாதில் மருத்துவப் பணியாற்றிய இமாம் அபூபக்ர் அர்ராஸீ அவர்கள். கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அவர்களின் நூல் பிற்காலத்தில் இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவர்களால் நெடுங்காலம் பயிலப்பட்டது.

ஒருமுறை அம்மை கண்டு பிழைத்தவருக்கு மறுமுறை அது வருவதில்லை என்பதை மக்கள் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதனால் இலேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழைச் சிறிது எடுத்து, நலமாயிருக்கும் குழந்தையின் கையில் கீறி ஏற்றும் வழக்கம் இந்தியா, ஆப்பிரிக்கா, துருக்கி ஆகிய பகுதிகளில் நிலவியது. உஸ்மானியப் பேரரசில் வயது முதிர்ந்த பெண்கள் இதனைத் திறமையாகச் செய்து வந்தனர். இங்கிலாந்துத் தூதுவரின் மனைவியான லேடி மேரி மாண்டேகு என்பவர் இதனை நேரில் கண்டு வியந்தார். அவரே அம்மையால் முகவடு பெற்றவர். தம் சகோதரரையும் அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். 1718ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் தம் மகனுக்கும், 1721இல் லண்டனில் தம் மகளுக்கும் இம்முறையைச் செய்வித்தார். இவ்வாறு கிழக்கு நாட்டின் அறிவு ஒரு தாயின் கைப்பிடித்து மேற்கே சென்றது.

ஆனால் இம்முறையில் ஒரு பெரும் குறை இருந்தது. ஏற்றப்படுவது உண்மையான பெரியம்மையே. ஆகவே நூற்றுக்கு ஒருவர் இருவர் இதனாலேயே இறந்தனர். செய்துகொண்டவரிடமிருந்து அண்டை வீட்டாருக்கும் நோய் பரவியது. இக்குறையை நீக்கியதே ஜென்னர் செய்த சாதனை.

பிறப்பும் இளமையும்

1749ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், இங்கிலாந்தின் மேற்கே க்ளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பெர்க்லி என்னும் சிற்றூரில் ஜென்னர் பிறந்தார். செவர்ன் ஆற்றின் கரையோரப் பசும்புல் நிலம் அது. பால் பண்ணைகளும் பாலாடைக் கட்டியும் அப்பகுதியின் வாழ்வாதாரம். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்த அவர் ஐந்து வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து யத்தீம் ஆனார். மூத்த சகோதரர் அவரைத் தம் பொறுப்பில் வளர்த்தார்.

எட்டு வயதில் பள்ளியில் பயிலுங்கால் அவருக்கும் மேலே சொன்ன முறையில் அம்மைச் சீழ் ஏற்றப்பட்டது. அந்நாளைய வழக்கப்படி முதலில் பல வாரங்கள் இரத்தம் எடுத்தார்கள், பேதி மருந்து கொடுத்தார்கள், உணவைக் குறைத்தார்கள். பிறகு நோய் ஏற்றிய பிள்ளைகளைக் கொட்டகையில் அடைத்து வைத்தார்கள். அவர் பிழைத்தார், ஆனால் அந்த வேதனை நெடுங்காலம் அவர் நினைவை விட்டு நீங்கவில்லை. குழந்தைகள் படும் துன்பத்தைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர் அல்லர் அவர்; உடலால் அறிந்தவர்.

மருத்துவக் கல்வி

பதின்மூன்று பதினான்கு வயதிலேயே சிப்பிங் சோட்பரி என்ற ஊரில் டேனியல் லட்லோ என்ற அறுவை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்து ஏறத்தாழ ஏழாண்டுகள் தொழில் கற்றார். பிறகு 1770இல் லண்டன் சென்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் புகழ்பெற்ற ஜான் ஹண்டர் என்பாரின் மாணவரானார். ஆசிரியர் வீட்டிலேயே தங்கிப் பயின்றார். வெறும் ஊகத்தில் நின்றுவிடாமல் எதனையும் செய்து பார்த்துச் சோதித்து அறிய வேண்டும் என்பதே ஹண்டர் அவருக்கு ஊட்டிய பாடம். ஊர் திரும்பிய பின்னரும் ஹண்டர் இறக்கும் வரை இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து நீடித்தது. ஆசிரியர் மாணவர் உறவுக்கு அது ஓர் அழகிய எடுத்துக்காட்டு.

கேப்டன் குக் தம் முதற் கடற்பயணத்தில் கொண்டுவந்த அரிய தாவர, உயிரினத் தொகுப்புகளை ஒழுங்குபடுத்தும் பணி இளைஞர் ஜென்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனைத் திறம்படச் செய்ததால் குக்கின் இரண்டாம் பயணத்தில் உடன் செல்லும் வாய்ப்பும் தேடி வந்தது. உலகம் சுற்றும் பெருமை; அரசின் ஆதரவு; இளமையின் வேகம். இவையெல்லாம் இருந்தும் அவர் மறுத்துவிட்டுத் தம் சொந்த ஊருக்கே திரும்பினார்.

சொந்த ஊரில் குடும்ப மருத்துவர்

பெர்க்லியில் அவருக்குக் காத்திருந்தது ஆடம்பரமான வாழ்வன்று. மழையிலும் பனியிலும் சேற்றுப் பாதைகளில் குதிரை மீது செல்ல வேண்டும். ஒரு பண்ணையில் பிரசவம். அடுத்த பண்ணையில் காய்ச்சல். மற்றோரிடத்தில் காலில் அரிவாள் வெட்டு. ஆயினும் அவர் முகம் கோணாதவர். இசையறிந்தவர், கவிதை புனைபவர், பறவைகளையும் விலங்குகளையும் கூர்ந்து நோக்குபவர். குயில் இனத்தின் குஞ்சு, தான் பொரிந்த கூட்டிலுள்ள பிற முட்டைகளையும் குஞ்சுகளையும் தானே முதுகால் தள்ளிக் கீழே வீழ்த்துகிறது என்பதைக் கண்டு 1788இல் எழுதினார். அவ்வாய்வுக்காக 1789இல் இராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதனைப் பலர் நெடுங்காலம் நம்பவில்லை. 20ஆம் நூற்றாண்டில் படமெடுத்துப் பார்த்தபோது அவர் சொன்னது மெய்யென உறுதியாயிற்று. 1788இல் கேதரின் கிங்ஸ்கோட் என்னும் பெண்மணியை மணந்தார்.

அவரது மனிதநேயத்துக்கு ஒரு நிகழ்ச்சி போதும். மார்புவலி நோயால் இறந்தவர்களின் இதய இரத்தக் குழாய்கள் தடித்து அடைபட்டிருந்ததை அவர் கண்டார். அந்நோய்க்கு அதுவே காரணம் என்று உணர்ந்தார். அதனை வெளியிட்டிருந்தால் புகழ் கிட்டியிருக்கும். ஆனால் அதே நோய் தம் ஆசிரியர் ஹண்டருக்கும் இருப்பதை அவர் அறிந்தார். படித்தால் ஆசிரியரின் உள்ளம் வருந்துமே என்று எண்ணி அவர் வாழ்நாளில் அதனை வெளியிடவில்லை. 1793இல் ஹண்டர் அந்நோயாலேயே காலமானார். ஜென்னர் கருதியது சரியென்பதை உடற்கூறு ஆய்வு காட்டியது.

பால் கறக்கும் பெண்களின் பேச்சு

பசுக்களின் மடியில் ஒருவகைக் கொப்புளம் தோன்றுவதுண்டு. அது மாட்டம்மை எனப்படும். பால் கறப்பவர்களின் கைகளுக்கும் அது தொற்றும். சில நாள் காய்ச்சலும் கையில் சில புண்களும் கண்டு தானே ஆறிவிடும். இந்த மாட்டம்மை கண்டவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது அப்பகுதிப் பாமர மக்களின் நம்பிக்கை. பால்காரப் பெண்களின் முகம் வடுவின்றி அழகாயிருப்பதற்கு அதுவே காரணம் என்று ஊரார் பேசிக்கொண்டனர்.

படித்த மருத்துவர்கள் இதனை வெறும் கிராமத்துப் பேச்சென்று ஒதுக்கினர். ஜென்னர் ஒதுக்கவில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை. விசாரித்தார். இங்கேதான் சிற்றூர் மருத்துவராக இருந்ததன் சிறப்பு வெளிப்படுகிறது. யாருக்கு எந்த ஆண்டில் மாட்டம்மை வந்தது, பிறகு ஊரில் பெரியம்மை பரவியபோது அவர் வீட்டில் யார் யார் படுத்தனர் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் குடும்ப மருத்துவர் ஒருவரே. ஒன்பது வயதில் மாட்டம்மை கண்ட ஓர் ஊர்க்காரருக்கு அவரது 62ஆம் வயதில் பெரியம்மைச் சீழை ஏற்றிப் பார்த்தார் ஜென்னர். நோய் பற்றவில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிறு புண்ணின் வரலாற்றை லண்டன் மாநகரத்து எந்தப் பெரிய மருத்துவர் அறிந்திருக்க முடியும்? ஊரோடு ஊராக வாழ்ந்தவருக்கு மட்டுமே கிட்டும் அறிவு அது.

இவருக்கு முன்பே, 1774இல் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் மாட்டம்மைச் சீழை ஏற்றியிருந்தார். அந்தப் பெருமையை அவருக்குத் தந்தே ஆகவேண்டும். ஆனால் முறைப்படி சோதித்து, எழுதி, உலகோர் அனைவரும் பின்பற்றும் வண்ணம் வழிவகுத்துத் தந்தவர் ஜென்னரே.

1796 மே 14

அவ்வாண்டு சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையில் மாட்டம்மைப் புண் தோன்றியது. ப்ளாஸம் என்னும் பெயருடைய பசுவிடமிருந்து அது தொற்றியது. மே 14ஆம் நாள் அப்புண்ணிலிருந்து எடுத்த நீரை, தம்மிடம் வேலை செய்த ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனான ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் இரு சிறு கீறல்களில் ஏற்றினார். சிறுவனுக்கு ஒரு வாரத்தில் இலேசான காய்ச்சல் கண்டது, விரைவில் தெளிந்தான். ஜூலை 1ஆம் நாள் அச்சிறுவனுக்கு உண்மையான பெரியம்மைச் சீழையே ஏற்றினார். நோய் வரவில்லை.

இன்றைய மருத்துவ நெறிமுறைப்படி இத்தகைய சோதனையை ஒரு குழந்தை மீது செய்ய எவரும் அனுமதிக்க மாட்டார்கள், அது நியாயமுமாகும். ஆனால் பெரியம்மைச் சீழை ஏற்றுவது அன்று பல பிள்ளைகளுக்கும் செய்யப்பட்ட வழக்கமான சிகிச்சை என்பதையும் நாம் மறக்கலாகாது. பின்னர் 1798இல் பதினொரு மாதமே ஆன தம் சொந்த மகன் ராபர்ட்டுக்கும் மாட்டம்மை நீரை ஏற்றினார். அவனுக்கு அது பற்றவில்லை. அதனையும் மறைக்காமல் தம் நூலில் எழுதினார்.

மறுப்பும் ஏளனமும்

தம் முடிவுகளை இராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். போதிய ஆதாரமில்லை என்று அது திரும்பி வந்தது. மேலும் சோதிக்க எண்ணினார். ஆனால் பண்ணைகளில் மாட்டம்மையே காணாமற் போயிற்று. 1798 இளவேனிற் காலம் வரை பொறுமையுடன் காத்திருந்தார். மீண்டும் அது தோன்றியபின் சோதனைகளைத் தொடர்ந்து, 23 பேரின் விவரங்களுடன் தம் சொந்தச் செலவில் 75 பக்க நூலாக அவ்வாண்டே வெளியிட்டார். பசுவைக் குறிக்கும் வக்கா என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே வாக்ஸின் என்னும் சொல் பிறந்தது.

அந்நூலுடன் லண்டன் சென்று மூன்று மாதங்கள் தங்கினார். தடுப்பு ஏற்றிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. நூலைப் படித்த மருத்துவர் சிலர் பொறாமை கொண்டனர். பழைய முறையால் பொருளீட்டியோர் அஞ்சினர். விலங்கின் நோயை மனித உடலில் ஏற்றுவதா என்று வேறு சிலர் அருவருத்தனர். மாட்டம்மை ஏற்றினால் பிள்ளைகளுக்குக் கொம்பு முளைக்கும், முகம் மாட்டு முகமாகும் என்றெல்லாம் வதந்தி பரவியது. 1802இல் லண்டனில் வெளிவந்த ஒரு கேலிச் சித்திரத்தில் தடுப்பு ஏற்றிக்கொண்டவர்களின் உடலிலிருந்து பசுக்கள் வெளிப்படுவது போல் வரைந்திருந்தனர். லண்டன் மருத்துவமனை ஒன்றில் மாட்டம்மை நீருடன் பெரியம்மைச் சீழும் கலந்துபோனதால் சிலருக்கு நோய் கண்டது. அப்பழியும் ஜென்னர் தலையிலேயே விழுந்தது.

ஜென்னர் ஏசியவர்களைத் திரும்ப ஏசிக் காலம் கழிக்கவில்லை. கலப்பின்றி நீரெடுப்பது எப்படி, எந்த நாளில் எடுப்பது, எவ்வாறு உலர்த்தி அனுப்புவது என்று விளக்கி எழுதினார். ஒரு முறை ஏற்றினால் ஆயுள் முழுதும் பாதுகாப்பு என்று அவர் கருதியது மட்டும் சரியன்று. சில ஆண்டுகளுக்குப் பின் மறுபடி ஏற்ற வேண்டும் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. மனித அறிவு படிப்படியாகத்தானே முழுமை பெறுகிறது!

பொருள் தேடாத பெருமனம்

ஜென்னர் தம் முறையை இரகசியமாக வைத்திருந்தால் பெருஞ்செல்வராகியிருக்கலாம். அக்காலத்தில் மருந்தை மறைத்து வைத்துப் பொருளீட்டியோர் பலருண்டு. லண்டனில் குடியேறினால் ஆண்டுக்கு 10,000 பவுண்டு வரை ஈட்டலாம் என்று ஒரு மருத்துவ நண்பர் அழைத்தார். அவர் இணங்கவில்லை. பின்னர் 1803இல் நண்பர்களின் வற்புறுத்தலால் லண்டனில் தொழில் நடத்திப் பார்த்தார். பணம் கரைந்ததுதான் மிச்சம். மீண்டும் பெர்க்லிக்கே வந்து சேர்ந்தார்.

தம் வீட்டுத் தோட்டத்தில் மரத்தாலும் கூரையாலும் ஆன ஒரு சிறு குடில் இருந்தது. அதில் அமர்ந்து ஏழைகளுக்குக் கட்டணமின்றித் தடுப்பு ஏற்றினார். உலகின் பல பாகங்களிலிருந்தும் கேட்டவர்க்கெல்லாம் தடுப்பு நீரை அனுப்பினார். கடிதம் எழுதி எழுதியே நாட்கள் கழிந்தன. தொழிலைக் கவனிக்க நேரமின்றிப் பொருள் நெருக்கடியும் ஏற்பட்டது. அதனை உணர்ந்த நாடாளுமன்றம் 1802இல் 10,000 பவுண்டும் 1807இல் 20,000 பவுண்டும் வழங்கிற்று.

இங்கிலாந்தின் பரம எதிரியான நெப்போலியனும் தம் படையினருக்குத் தடுப்பு ஏற்றச் செய்தார். ஜென்னர் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆங்கிலேயக் கைதிகள் சிலரை விடுவித்தார். போரிடும் இரு நாடுகளுக்கிடையே ஒரு சிற்றூர் மருத்துவரின் சொல்லுக்கு மதிப்பிருந்தது என்றால், தன்னலமற்ற தொண்டின் ஆற்றலை என்னென்பது!

நம் நாட்டுக்கு வந்த வழி

தடுப்பு நீரை இங்கிலாந்திலிருந்து கப்பல் வழியே இந்தியாவுக்கு அனுப்பும் முயற்சிகள் வெற்றி பெறவில்லை. நெடும் பயணத்தில் அதன் வீரியம் அழிந்தது. பிறகு அது வியன்னா நகரிலிருந்து தரைவழியாகப் பக்தாத் வந்து, பஸ்ரா துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கடல் வழியே பம்பாய் அடைந்தது. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாகத் தடுப்பு ஏற்றப்பட்டது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்து நீரை மறு குழந்தைக்கு ஏற்றி, கைவழியாகக் கைக்கு என்று சென்னைக்கும் இலங்கைக்கும் அது கொண்டு செல்லப்பட்டது. இராஸீயின் பக்தாதைத் தொட்டுக்கொண்டு அத்தடுப்பு நம் நாட்டுக்கு வந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. நன்றிக்கடனாகக் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிதி திரட்டி ஜென்னருக்கு அனுப்பினார்கள்.

நம் ஊர்களில் இதனை அம்மை குத்துதல் என்றனர். ஐம்பது வயதைக் கடந்த நம் பெரியோர் பலரின் கையில் இன்றும் காசளவில் பள்ளமான தழும்பைக் காணலாம். அம்மை குத்துபவர் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகளைப் பரண் மீதும் நெற்குதிரின் பின்னும் ஒளித்து வைத்த கதைகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். லண்டனில் பரவிய அச்சமும் நம் தெருக்களில் இருந்த அச்சமும் ஒன்றேதான்.

இறுதி நாட்கள்

அவரது பிற்காலம் துயரம் மிகுந்தது. மூத்த மகன் எட்வர்ட் 1810இல் காசநோயால் மாண்டார். அதே நோய்க்கு 1815இல் மனைவியையும் இழந்தார். அதன் பிறகு பெர்க்லியை விட்டு அதிகம் வெளியே செல்லவில்லை. ஊர் மக்களின் நோயைப் பார்ப்பது, ஏழைகளுக்குத் தடுப்பு ஏற்றுவது, பறவைகளை ஆராய்வது என்று நாட்களைக் கழித்தார். தம் சோதனைக்குக் கை நீட்டிய ஜேம்ஸ் ஃபிப்ஸை அவர் மறக்கவில்லை. அவர் வளர்ந்து குடும்பத்தினரான பிறகு வாடகையின்றி வாழ ஒரு வீடு தந்தார்.

1823 ஜனவரி 25ஆம் நாள் காலை பக்கவாதத்தால் நினைவிழந்த நிலையில் தம் நூலறையில் காணப்பட்டார். மறுநாள் 26ஆம் நாள் உயிர் பிரிந்தது. தாம் பிறந்த ஊரிலேயே பெற்றோர், மனைவி, மகன் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த இறுதி ஊர்வலத்தில் ஜேம்ஸ் ஃபிப்ஸும் நடந்து சென்றார். அவர் வாழ்ந்த வீடு பிற்காலத்தில் அருங்காட்சியகமாக்கப்பட்டது.

நோய் மறைந்த வரலாறு

தம் முறையால் என்றேனும் ஒருநாள் பெரியம்மை உலகை விட்டே ஒழியும் என்று 1801இலேயே ஜென்னர் எழுதியிருந்தார். அது நிறைவேற ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின. 1967இல் உலக சுகாதார நிறுவனம் தீவிர ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் ஊராக, வீடு வீடாக நோயாளிகளைத் தேடி, அவர்களைச் சுற்றியுள்ளோர் அனைவருக்கும் தடுப்பு ஏற்றினார்கள். 1974இல் பீகாரில் பெருங்கொள்ளையாகப் பரவிய நோய் மறு ஆண்டே இந்தியாவில் அடங்கியது.

உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியா நாட்டின் அலீ மாவ் மஆலின் என்ற முஸ்லிம் இளைஞர். மருத்துவமனையில் சமையல்காரராயிருந்தும் வலிக்கு அஞ்சித் தடுப்பு ஏற்றிக்கொள்ளாமல் இருந்தவர். 1977 அக்டோபரில் நோய் கண்டு பிழைத்தார். 1980 மே 8ஆம் நாள் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. மனித முயற்சியால் முற்றிலும் ஒழிக்கப்பட்ட முதல் மனித நோய் அதுவே. அலீ அத்துடன் வாளாவிருக்கவில்லை. பிற்காலத்தில் தம் நாட்டில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். தயங்கும் தாய்மாரிடம் தம் கதையை எடுத்துரைத்துப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து போடச் செய்தார். அப்பணியின்போதே 2013 ஜூலையில் மலேரியா கண்டு காலமானார்.

நமக்குரிய பாடம்

பெரியோர்களே! நம் நாடும் 2014 மார்ச் 27ஆம் நாள் போலியோ இல்லாத நாடென்று சான்று பெற்றது. அவ்வெற்றி எளிதில் கிட்டியதன்று. உத்தரப் பிரதேசத்தின் முஸ்லிம் மஹல்லாக்களில், சொட்டு மருந்தால் பிள்ளைப்பேறு தடைபடும் என்ற வதந்தி பரவிப் பல வீடுகள் கதவடைத்தன. உலமாக்களும் இமாம்களும் முன்வந்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியே அறிவித்து, தாமே சிறுவர்களுக்குச் சொட்டு மருந்து ஊட்டிக் காட்டிய பிறகே கதவுகள் திறந்தன.

2017இல் நம் தமிழகத்தில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோதும் கைப்பேசிகளில் வதந்திகள் சுற்றின. கொரோனாவின்போதும் அவ்வாறே. இரு நூற்றாண்டுகளுக்கு முன் பிள்ளைக்குக் கொம்பு முளைக்கும் என்றவர்களின் பேச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஹஜ்ஜுக்குப் புறப்படும் நாம் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைத் தயக்கமின்றிப் போட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளின் விஷயத்தில் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

ஐயம் எழுவது குற்றமன்று. ஜென்னரும் ஐயப்பட்டவரே. ஆனால் அவர் ஐயத்தோடு நின்றுவிடாமல் விசாரித்து அறிந்தார். நமக்கும் ஐயம் வந்தால், முகமறியாதவர் அனுப்பும் செய்தியிடம் விடை தேட வேண்டியதில்லை. நம் பிள்ளைகளைப் பிறந்த நாள் முதல் அறிந்த நம் ஊர் மருத்துவரிடமும், வாசல் தேடி வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டறிவோம். ஒரு பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி அப்பிள்ளையை மட்டும் காப்பதன்று. அண்டை வீட்டுக் கைக்குழந்தையையும் காக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையை நாம் எவ்வளவு பெரிதாகக் கருதுகிறோம் என்பதற்கு இதுவும் ஒரு சோதனையே.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவம் பயிலும் நம் ஜமாஅத்து மாணவ மாணவியர் பட்டம் பெற்றபின் பெருநகரங்களையும் வெளிநாடுகளையும் நாடுவது இயல்பே. அவர்களில் ஓரிருவரேனும் சொந்த ஊருக்குத் திரும்பி, பெரியோரின் நோயறிந்து, ஏழைகளின் வருவாயறிந்து மருத்துவம் பார்க்க முன்வருவார்களாயின் அதைவிடப் பெரிய தர்மம் வேறில்லை. சிற்றூரில் இருப்பதால் சாதனை குன்றிவிடாது என்பதற்கு ஜென்னரின் வாழ்வே சான்று. அத்தகையோர் நம் ஊரில் பெருக வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.